வாக்குறுதிபுரம் ஸ்டேஷன்: மாதிரி ரயில்வேயில் அரசியல் நையாண்டி – கேள்வி பதில்

ஏழடிக்கு இரண்டடி பிளைவுட் பலகை. அதில் குட்டி அளவில் ஒரு பிளாட்பாரம், பாதியில் நின்றுபோன மேம்பாலம், டீக்கடை, கொடியசைப்பு விழா மேடை. மஞ்சள் பலகையில் தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று மூன்று வரியில் 'வாக்குறுதிபுரம்'. பதினோரு வருஷமாக இந்த ஸ்டேஷனை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பார்த்துவிட்டுப் போனவர்களும், தாங்களே ஒன்று கட்டத் தொடங்கியவர்களும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில்.

சார், சின்ன வீடு. 'என்' (N) அளவில் செய்தால் இடம் மிச்சமாகுமே, அதில் செய்யலாமா? (வேளச்சேரி)

ரயில் ஓடுவதை மட்டும் ரசிப்பதானால் தாராளமாக. நையாண்டிக்கு வேண்டாம், எச்ஓ எடுங்கள். எச்ஓ (HO) என்பது 1:87, அதாவது நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. ஐந்தரை அடி ஆள் அதில் 19 மில்லிமீட்டர் இருப்பார். 'என்' அளவில், அதாவது 1:160-இல், அவரே 10 மில்லிமீட்டர்தான். அந்த உயரத்தில் ஒருவர் கும்பிடுகிறாரா, கைதட்டுகிறாரா, காதைச் சொறிகிறாரா என்று தெரியாது. நம் விஷயமே அந்தக் கையில்தான் இருக்கிறது.

இடத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். வட்டப்பாதை வேண்டாம், நேர்பாதை போதும். பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலையின் ரயில் பெட்டி ஒன்று 21.3 மீட்டர். எச்ஓவில் அது 24.5 சென்டிமீட்டர். ஒரு எஞ்சின், இரண்டு பெட்டி சேர்த்து எழுபத்தைந்து சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். என் பலகையில் நாலரை அடி காட்சி, மீதி இரண்டரை அடி மேம்பாலத்துக்குப் பின்னால் மறைவு. ரயில் உள்ளே போய் நிற்கும், பிறகு திரும்பி வரும்.

தண்டவாளத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நம் அகலப்பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1676 மி.மீ. எச்ஓவில் அது 19 மி.மீ.க்குச் சற்று மேல் வர வேண்டும். கடையில் கிடைப்பது 16.5 மி.மீ., அதாவது ஐரோப்பிய அளவு. கொஞ்சம் ஒல்லியாகத் தெரியும். பிளாட்பாரத்தை முன்பக்கம் வைத்தால் கண்ணில் படாது. மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) காலத்து ஸ்டேஷன் கட்டுபவர்களுக்கு 12 மி.மீ. தண்டவாளம் ஏறக்குறைய சரியாகப் பொருந்தும்.

நான் ஒரு அரசியல்வாதி நாற்காலியில் தூங்குவது போல் செய்து, பக்கத்தில் 'தூங்கும் தலைவர்' என்று சீட்டு வைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. என்ன தவறு அண்ணா? (மதுரை)

முதலில் அந்தச் சீட்டை எடுத்துவிடுங்கள் தம்பி. சீட்டு இருந்தால் பார்ப்பவர் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார். தானாகக் கண்டுபிடித்தால்தான் சிரிப்பார்.

என் மேம்பாலத்தைச் சொல்கிறேன். பாலம் இரண்டு தூணோடு நிற்கிறது, மேலே கம்பிகள் துருப்பிடித்து வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. பார்ப்பவர் கண் முதலில் அங்கே போகும். தூண் நிழலில் ஒரு ஆடு படுத்திருக்கும், இளநீர்க்காரர் கடை போட்டிருப்பார். அதற்குக் கீழே, டீக்கடைப் பக்கம், அடிக்கல் வரிசை. மூன்று கல். ஒவ்வொன்றும் 14 மி.மீ. அகலம், 10 மி.மீ. உயரம். முதல் கல்லில் பாசி, எழுத்து தேய்ந்துவிட்டது. இரண்டாவது சற்று மங்கல், மூலையில் ஒரு சினிமா போஸ்டர் ஒட்டியிருக்கிறது. மூன்றாவது புத்தம் புதுசு, இன்னும் மாலை வாடவில்லை. மூன்றும் இந்த ஒரே பாலத்துக்குத்தான். பாலத்தைப் பார்த்து, கல்லைப் பார்த்து, எண்ணி முடிக்கும்போதுதான் சிரிப்பு வரும். வந்தவர்கள் பலர் விரலை நீட்டி எண்ணுவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். அந்தப் பாலம் இல்லாததால் கையில் கட்டைப்பையோடு தண்டவாளத்தைத் தாண்டும் ஒரு பாட்டியை வைத்திருக்கிறேன். விளக்கு வெளிச்சம் அவர் மேல் விழாது. தேடினால் தெரிவார். நையாண்டி அவருக்காகத்தான். உங்கள் காட்சியிலும் தலைவர் தூங்குவதால் யாருக்கு என்ன ஆகிறது என்று யோசியுங்கள். மனுவோடு வரிசையில் ஆறு பேரை நிறுத்துங்கள். கடைசி ஆள் உட்கார்ந்திருக்கட்டும். நாற்காலியில் இருப்பவர் தூங்குவது அப்போது தானாகப் புரியும்.

வேட்டி கட்டிய பொம்மைக்கு எங்கே போவது? கிடைப்பதெல்லாம் கோட்டு சூட்டாக இருக்கிறது. (ஈரோடு)

கோட்டு சூட்டையே வாங்குங்கள், பெயின்ட் அடிக்காத நூறு பொம்மை பாக்கெட்டாகக் கிடைக்கும். இரண்டு அடுக்கு டிஷ்யூ பேப்பரைப் பிரித்து ஒரு அடுக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 11 மி.மீ. உயரம், 22 மி.மீ. நீளம் வெட்டுங்கள். ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு கலந்து பொம்மையின் இடுப்பிலிருந்து கால்வரை தடவி, பேப்பரைச் சுற்றுங்கள். ஈரமாக இருக்கும்போதே பல்குச்சி நுனியால் முன்பக்கம் மேலிருந்து கீழாக நாலைந்து மடிப்பு இழுங்கள். ஒரு ராத்திரி காயட்டும். பிறகு வெள்ளை அக்ரிலிக், மடிப்புப் பள்ளத்தில் தண்ணீராய்க் கரைத்த சாம்பல் நிறம். வேட்டிக் கரைக்கு 0.1 என்று போட்ட மெல்லிய நுனிப் பேனா. தோள் துண்டு ஒன்றரை மி.மீ. பட்டை. கவுன் போட்ட பொம்மைகள் இதே வழியில் சேலைக்கு மாறும். தோல் நிறத்துக்கு மூன்று விதப் பழுப்பாவது கலந்து வையுங்கள், எல்லாருக்கும் ஒரே நிறம் அடித்தால் ஊர் மாதிரி இருக்காது.

குனிந்து கும்பிடுபவர் வேண்டுமென்றால் இடுப்பில் பிளேடால் பாதி வெட்டி, முன்னால் வளைத்து சூப்பர் குளூ வையுங்கள். ஐந்து பேர் நிற்கும் வரிசையில் ஒவ்வொருவரும் முந்தியவரைவிடக் கொஞ்சம் அதிகமாகக் குனியட்டும். மேடைக்குப் பின்னால் நிற்பவர்களை நான் எப்படி வைத்திருக்கிறேன் என்றால், முன்வரிசை அமைச்சரைப் பார்க்கிறது, பின்வரிசை முழுக்க கழுத்தை நீட்டி கேமராவைப் பார்க்கிறது. கழுத்தில் அரை மி.மீ. சேர்த்தாலே போதும்.

பேனர், கட்-அவுட் அளவு எப்படிக் கணக்கிடுவது? எவ்வளவு மிகைப்படுத்தலாம்? கட்சி நிறம் எது வைப்பது? (திருச்சி)

மிகைப்படுத்தவே வேண்டாம். நாற்பது அடி கட்-அவுட் எச்ஓவில் 14 சென்டிமீட்டர். ரயில் பெட்டி ஐந்து சென்டிமீட்டர் உயரம்கூட வராது. ரயிலைவிட மூன்று மடங்கு உயரத்தில் தலைவர் நிற்பார். உள்ளதை உள்ளபடி அளந்து வைத்தாலே போதும், பார்ப்பவர் நீங்கள் பெரிதாக்கிவிட்டதாக நினைப்பார். அளவுநாடாவை எடுத்துக் காட்டுங்கள்.

இருபதுக்குப் பத்து அடி பேனர் 70க்கு 35 மி.மீ. ஃபோட்டோ பேப்பரில் அச்சடித்தால் ஃப்ளெக்ஸ் பளபளப்பு அப்படியே வரும். சாரம் கட்ட ஊதுபத்திக் குச்சி: மசாலாவைச் சுரண்டிவிட்டுக் கழுவினால் சவுக்குக் கட்டை மாதிரியே இருக்கும். கட்டுவதற்குத் தையல் நூல். இரண்டு மி.மீ.க்குக் கீழே போனால் எழுத்து படிக்க முடியாது. அதனால் பேனரில் ஒரே ஒரு வரி மட்டும் வையுங்கள், மற்ற இடமெல்லாம் வட்டத்துக்குள் தலைகள். என் பேனரில் 27 தலை. எல்லாம் எங்கள் சொந்தக்காரர்கள், கேட்டுச் சம்மதம் வாங்கித்தான் போட்டேன்.

கட்சி நிறம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கத்தரிப்பூ நிறமும் இளஞ்சிவப்பும் சேர்த்து வைத்துக்கொண்டேன். எந்தக் கட்சிக்காரர் வந்து பார்த்தாலும் அடுத்த கட்சியைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரிக்கிறார்.

உண்மையான தலைவர்களின் முகத்தையே வைத்தால் என்ன? சட்டப் பிரச்சினை வருமா? (கோவை)

பேச்சுரிமை அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவில் இருக்கிறது, அதற்கான வரம்புகள் 19(2)-இல் இருக்கின்றன. அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 356-ஆவது பிரிவு. ரயில்வேயோடு தொடர்புள்ள ஒரு சம்பவமே உண்டு. 2012 மார்ச்சில் ரயில்வே அமைச்சர் தினேஷ் திரிவேதி பட்ஜெட்டில் கட்டணத்தை உயர்த்தினார், சொந்தக் கட்சியே எதிர்த்ததால் பதவி போனது. அதைக் கிண்டல் செய்த ஒரு கார்ட்டூனை மின்னஞ்சலில் அனுப்பியதற்காக அடுத்த மாதமே கொல்கத்தாவில் ஒரு பேராசிரியர் கைதானார். அவர் வழக்கிலிருந்து முழுசாக வெளியே வர 2023 ஆகிவிட்டது. அனுப்பியவருக்கே பத்து வருஷம் அலைச்சல் என்பது எனக்கு இன்றும் கோபம் தருகிற விஷயம்.

ஆனால் நான் முகம் வைக்காததற்கு பயம் காரணம் இல்லை. முகம் வைத்தால் பார்ப்பவர் 'இவர்தானே' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். முகம் இல்லாவிட்டால் தன் ஊர்க் கவுன்சிலரை, தன் தொகுதி எம்.எல்.ஏ.வை நினைத்துக்கொள்கிறார். ஒரு எச்சரிக்கை: தேசியக் கொடி வைத்தால் அதைச் சுத்தமாக வையுங்கள். பழசாகக் காட்டும் அழுக்கு வேலையெல்லாம் அதன் மேல் வேண்டாம். அதற்குத் தனிச் சட்டமே 1971 முதல் இருக்கிறது.

தெர்மாகோல் மலைக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன், உருகிப்போனது. (சேலம்)

ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக், ஃபெவிகால் இரண்டும்தான் அதற்கு ஒத்துவரும். தண்டவாளத்து ஜல்லிக்கு எம்-சாண்டைச் சலித்து ரவை பருமனில் எடுங்கள். நிஜ ரவையைப் போட்டுவிடாதீர்கள், எறும்பு வரும்.

கொடியசைக்கும் அமைச்சரின் கை அசைவது எப்படி? (நெல்லை)

பலகைக்கு அடியில் எஸ்ஜி90 சர்வோ மோட்டார் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் குட்டி மோட்டார்), அதை இயக்க ஆர்டுயினோ நானோ என்ற சின்ன கணினிப் பலகை. மோட்டாரிலிருந்து மெல்லிய எஃகுக் கம்பி ஓட்டை வழியாக மேலே வந்து கையைத் தள்ளுகிறது. நான் பழைய கிடார் கம்பியைப் பயன்படுத்தினேன். தண்டவாளக் கட்டைகளுக்கு நடுவே, காந்தம் பக்கத்தில் வந்தால் இணையும் ஒரு ரீட் ஸ்விட்ச், ரயிலின் அடியில் சின்னக் காந்தம். காந்தம் மேலே கடக்கும்போது கை உயரும்.

காந்தத்தை எஞ்சினில் ஒட்டாதீர்கள், கடைசிப் பெட்டியின் வாலில் ஒட்டுங்கள். ரயில் முழுக்கப் போய் முடிந்த பிறகு அமைச்சர் பச்சைக்கொடி காட்டுவார். கை உயரும் வேகம் மெதுவாக இருக்க வேண்டும். ஒரு டிகிரிக்கு 20 மில்லிசெகண்ட் இடைவெளி கொடுங்கள். வெடுக்கென்று தூக்கினால் விளையாட்டுச் சாமான் போல ஆகிவிடும். கை நின்றதும் சர்வோவுக்குப் போகும் சிக்னலை நிறுத்திவிட்டால் அந்த 'ங்ங்' சத்தமும் வராது. மேடை ஓரத்தில் ஒருவர் மட்டும் போன ரயிலின் பின்னால் கையில் சூட்கேஸோடு ஓடுகிறார். அவர் பயணி.

பேனர் சரிந்து ஸ்கூட்டர் மேல் விழுகிற காட்சி வைக்கலாம் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து? (தாம்பரம்)

வைக்காதீர்கள். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் அப்படி விழுந்த பேனரால் ஒரு இளம்பெண் உயிரிழந்தார். ரயில் விபத்தும் அப்படித்தான். 1956 நவம்பரில் அரியலூர் விபத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு விலகினார். பேனர் வைப்பவர்களைக் கேலி செய்யலாம். விழுந்த பேனருக்கு அடியில் இருப்பவரைக் காட்சிப்பொருள் ஆக்கக் கூடாது.

கொலுவில் வைக்க ஆசை. வருகிறவர்கள் பல கட்சி, மாமனாரும் ஒரு கட்சிக்காரர். மனசு நோகுமா? (மயிலாப்பூர்)

நோகாதபடி வைக்கலாம் அம்மா. கொலுவில் கிரிக்கெட் மைதானம், விமான நிலையம், தலைவர் பொம்மை எல்லாம் ஏற்கெனவே உண்டு, ரயிலும் அங்கே புதிதில்லை. படியில் வைக்காமல் பக்கத்தில் தனி மேசை போடுங்கள். களிமண் பொம்மைக்குப் பக்கத்தில் 19 மி.மீ. ஆள் காணாமல் போய்விடுவார். மேசை உயரம் மூன்றடி என்றால் குழந்தைகளின் கண்ணுக்கு நேராக இருக்கும். ரயிலுக்கு 12 வோல்ட் டிசிதான், தொட்டாலும் பயமில்லை. விளக்கும் எண்ணெயும் மட்டும் தள்ளி இருக்கட்டும். மாமனாரையே கூப்பிட்டு மேடை ஏற்பாட்டைக் கேளுங்கள். சால்வை எந்த வரிசையில் போடுவார்கள், மைக் யார் கையில் இருக்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

வேறு நாட்டில் இப்படிச் செய்கிறார்களா? (சிங்கப்பூர்)

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தின் மினியாட்டூர் வுண்டர்லாண்ட், 2001-இல் திறந்த மாபெரும் எச்ஓ ரயில் உலகம். 2009 தேர்தலை ஒட்டி அங்கே கட்சிகளுக்கு ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் கொடுத்து, அவரவர் கனவு நாட்டைக் கட்டிக் காட்டச் சொன்னார்கள். 2017 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்றபோது தங்கள் அமெரிக்கப் பகுதியைச் சுற்றியே குட்டிச் சுவர் எழுப்பினார்கள். சுவர் ஒன்றுதான், ஒரு வார்த்தை விளக்கம்கூடத் தேவைப்படவில்லை. எனக்கு மிகவும் பிடித்த வேலை அது.

ஆட்சி மாறினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா? (விழுப்புரம்)

பேனர் மட்டும்தான் மாறும், அதுவும் மாதம் ஒன்று அச்சடிக்கும் எனக்குப் பழக்கமாகிவிட்டது. தேர்தல் அறிவிப்பு வந்தால் ஒரு வேலை உண்டு. நடத்தை விதிகள் அமலுக்கு வந்ததும் நிஜ ஊரில் செய்வது போலவே ஸ்டேஷன் வாசலில் இருக்கும் சிலையைத் துணியால் மூடிவிடுவேன். பழைய கைக்குட்டையில் மூன்று சென்டிமீட்டர் துண்டு, இடுப்பில் ஒரு சுற்று நூல். அடிக்கல் மூன்றுக்கும் காகிதம் ஒட்டுவேன். பாட்டி அப்படியே தண்டவாளத்தைத் தாண்டிக்கொண்டிருப்பார்.