பழைய குற்றாலப் பயணம் திரும்ப வருமா?

கேள்வி: எனக்கு 51 வயது. பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்த நாங்கள் நான்கு பேர், வருடா வருடம் சீசனுக்கு மதுரையிலிருந்து குற்றாலம் போவோம். 2008 முதல் என் மகனும் வந்தான். அப்போது அவனுக்கு நான்கு வயது. செங்கோட்டையில் மீட்டர் கேஜ் ரயில் ஏறி, தென்மலை வரை அவனைக் கூட்டிப் போயிருக்கிறோம். 2014-க்குப் பிறகு எல்லாம் நின்றுவிட்டது. ஒருவன் மஸ்கட்டில், ஒருவன் சென்னையில், இன்னொருவனுக்கு முழங்கால் வலி. மகன் கோவையில் வேலை பார்க்கிறான். ராத்திரியில் பழைய போட்டோக்களைப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. எல்லோரையும் ஒருமுறை கூப்பிடலாமா, இல்லை அப்படியே விட்டுவிடுவதா?
– வாசகர், மதுரை

பதில்: கூப்பிடுங்கள். இந்தச் சாரலுக்கே கூப்பிடுங்கள். ஆனால் அதே அறை, அதே கடை, நாலு பேரும் வந்தால்தான் கிளம்புவது என்று மட்டும் பிடிவாதம் வேண்டாம். ஒருவருக்கு லீவு கிடைக்காது, பேச்சு அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போய்விடும். இரண்டு பேர் சேர்ந்தாலும் கிளம்பிவிடுங்கள்.

அதற்கு முன்னால் உங்கள் மகனிடம் கொஞ்சம் பேசுங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், நானும் சிநேகிதிகளோடு என் மகளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனவள்தான். புலியருவியில்தான் அவளைக் குளிக்க வைப்போம், சின்னப் பிள்ளைகளுக்குத் தோதான அருவி அது. போன வருடம், "குற்றாலத்துல உனக்கு என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேட்டேன். அருவியைத்தான் சொல்வாள் என்று நினைத்தேன். "பல்லு தந்தியடிக்க நின்னேன்ல, அப்ப பெரிய அத்தை முந்தானையால தலை துவட்டிவிட்டாங்க. அதுல பஜ்ஜி வாசம் அடிச்சுது" என்றாள்.

அவள் பெரிய அத்தை என்று சொன்ன அந்தச் சிநேகிதியோடு நான் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது. அன்று ராத்திரியே போன் போட்டு இதைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அதையா ஞாபகம் வச்சிருக்கா?" என்று மட்டும் கேட்டாள். குரல் தழுதழுத்தது.

உங்கள் மகனும் இப்படி எதையாவது வைத்திருப்பான், நீங்கள் கவனித்தே இருக்க மாட்டீர்கள். நண்பர்களிடம் "எப்பப் பார்க்கலாம்?" என்று ஆரம்பித்தால் பேச்சு லீவு, வேலை என்று போய்விடும். "என் பையன் உன்னைப் பத்தி ஒண்ணு சொன்னான்டா" என்று ஆரம்பியுங்கள். குரூப்பில் போடாதீர்கள், ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

மஸ்கட் நண்பருக்கு ஜூன் முதல் செப்டம்பருக்குள் எப்போது லீவு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்கள் அதற்கேற்ப வரட்டும். சனி, ஞாயிறு வேண்டாம், கூட்டத்திலேயே பொழுது போய்விடும்.

முழங்கால் வலிக்காரரைச் செண்பகாதேவி அருவி ஏற்றத்துக்கு இழுக்காதீர்கள். அவருக்காகவே அந்த ரயிலில் ஒருநாள் போய்வாருங்கள். நீங்கள் போன மீட்டர் கேஜ் 2010-ல் நின்றது. பாதையை அகலமாக்கி, 2018-ல் செங்கோட்டை – புனலூர் வழியில் திரும்ப ரயில் விட்டார்கள். குகைகளும் பதிமூன்று கண் பாலமும் இன்றும் அந்த வழியில்தான். இப்போது மதுரையிலிருந்தே அந்தப் பக்கம் ரயில் இருக்கிறது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும், ஆரியங்காவுக் கணவாய்க் காற்று முகத்தில் வந்து அடிக்கும். தென்காசிக்குச் சாரலைக் கொண்டுவருவதே அந்தக் காற்றுதானே.

வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால் தடையை மீற வேண்டாம். சாரலில் நனைந்தபடி ஆளுக்கொரு சுக்குக் காபி குடித்துவிட்டுத் திரும்பினாலும் அந்த நாள் வீணில்லை.

மகனுக்கு ஒருநாள் லீவுதான் கிடைக்கும் என்றால் நேராகத் தென்காசிக்கு வந்து சேர்ந்துகொள்ளட்டும். ராத்திரி பிரானூரில் பரோட்டா சாப்பிட்டு முடித்ததும் பில்லை அவன் கையில் கொடுங்கள். அந்த மாமாக்களுக்கு வாங்கிக் கொடுக்க அவனுக்கும் ஆசை இருக்கும்.