கதவு திறக்கும்போது – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்கைடைவிங் கற்றுக்கொண்டதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் நானும் பயிற்சியில் சேர்ந்தேன். முதலில் பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்கும் டாண்டம். அது பிரமாதமாக இருந்தது. அப்புறம் ஏ.எஃப்.எஃப் பயிற்சி, அதாவது பயிற்சியாளர்கள் கூடவே விழுந்துவர, நம் பாராசூட்டை நாமே இழுத்துக் குதிக்கப் பழகுவது. ஏழு லெவலில் இரண்டை முடித்துவிட்டு மூன்றாவதில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

இருபுறமும் பிடித்திருந்த பயிற்சியாளர்கள் கையை விட்டதும் நான் இடப்பக்கமாகச் சுழல ஆரம்பித்தேன். ஒருவர் வந்து பிடித்து நிறுத்தினார். பாராசூட்டை இழுக்கச் சொல்லி அவர் ஆள்காட்டி விரலை இரண்டு முறை நீட்டிய பிறகே இழுத்தேன். அந்த லெவலைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். என்னோடு சேர்ந்தவர்கள் ஐந்து, ஆறு என்று போய்விட்டார்கள்.

இன்னொன்றை யாரிடமும் சொல்லவில்லை. சுழல ஆரம்பித்ததிலிருந்து அவர் விரலை நீட்டியது வரை எனக்கு எதுவுமே நினைவில்லை. கீழே வந்ததும் “ஆல்டிமீட்டரைப் பார்த்தீர்களா?” என்று கேட்டார், உயரம் காட்டும் கருவியை. பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது படுத்தால் விமானக் கதவு திறக்கும் சத்தம்தான் கேட்கிறது. போன வாரம் காற்று அதிகம் என்று எங்களைத் திருப்பி அனுப்பியபோது அவ்வளவு நிம்மதியாக இருந்தது. இவ்வளவு பயப்படுகிறவன் இதைத் தொடரலாமா? இந்தப் பயம் எப்போதுதான் போகும்?

அன்புடன்,
கவின்

*

அன்புள்ள கவின்,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பயம் போகாது, இடம் மாறும். அதற்கு நீங்களும் கொஞ்சம் உதவ வேண்டியிருக்கும்.

உங்களைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. வால்டர் ஃபென்ஸ், சீமோர் எப்ஸ்டீன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1960களில் பாராசூட்டில் குதிப்பவர்களை வைத்தே இதை அளந்து பார்த்தார்கள். விமானம் மேலே ஏற ஏற அவர்களுடைய இதயத்துடிப்பு, மூச்சு, வியர்வையால் தோலில் வரும் மாற்றம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே போனார்கள். புதியவர்களுக்கு அந்தக் கோடு குதிக்கும் நொடிவரை ஏறிக்கொண்டே போனது. பழகியவர்களுக்கும் ஏறத்தான் செய்தது, ஆனால் முன்னதாகவே ஏறி, குதிப்பதற்குள் இறங்கிவிட்டது. எப்போது அதிகம் பயந்தீர்கள் என்று கேட்டதற்குப் பழகியவர்கள் சொன்னது, குதிக்கும் நாளின் காலை நேரத்தை.

எனக்கும் இன்றுவரை அப்படித்தான். காலையில் ஷூ மாட்டும்போது வயிறு பிசையும். பாராசூட்டை உடம்போடு பிணைக்கும் ஹார்னஸின் ஒவ்வொரு பட்டையையும் இழுத்துப் பார்க்கும்போது கொஞ்சம் குறையும். அவசரத்துக்கு வைத்திருக்கும் ரிசர்வ் பாராசூட்டின் ஊசி சரியாக இருக்கிறதா என்று இன்னொருவர் முதுகுப்பக்கம் பார்த்துச் சொல்லும்போது இன்னும் குறையும். கதவு திறக்கும்போது செய்ய வேண்டியதைத் தவிர மனதில் வேறொன்றும் இருக்காது. அந்த நிலைக்கு வர எனக்கு ஏறக்குறைய நாற்பது குதிப்பு பிடித்தது. நீங்கள் மூன்றில் நிற்கிறீர்கள்.

மூன்று என்றால் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 13,000 அடியில் வெளியே வருகிறீர்கள், 5,500 அடியில் பாராசூட்டை இழுக்கிறீர்கள். முதல் ஆயிரம் அடிக்கு 10 விநாடி, அதன் பிறகு ஒவ்வோர் ஆயிரத்துக்கும் ஐந்து ஐந்தரை விநாடி. ஆக ஒரு குதிப்புக்கு 45 விநாடி. இதுவரை நீங்கள் காற்றில் தனியாக விழுந்திருப்பது மொத்தமே இரண்டே கால் நிமிடம். ஏழு லெவலையும் கூட்டினாலும் ஐந்து நிமிடத்தைக் கொஞ்சம்தான் தாண்டும். சைக்கிள் ஓட்டப் பழகும் குழந்தையிடம் இரண்டு நிமிடத்தில் ஏன் சாய்ந்தாய் என்று யாராவது கேட்பார்களா?

சுழன்றதற்கு இவ்வளவு மனம் நொந்துபோக வேண்டியதில்லை. உடம்பு விறைத்திருக்கும், ஒரு கால் மற்றதைவிட உள்ளே மடங்கியிருக்கும். மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்றுக்கு அந்தச் சின்ன வித்தியாசமே போதும், ஆளைத் திருப்பிவிடும். பயிற்சியாளர் உங்கள் முகத்துக்கு முன் இரண்டு விரலை நீட்டிக் காட்டியிருப்பாரே, காலை நீட்டு என்று? அதுதான் மருந்து. இடுப்பை முன்னால் தள்ளி, காலை நீட்டி, மூச்சை வெளியே விட வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறார்கள். மூச்சைப் பிடித்தால் உடம்பு கட்டையாகிவிடும். கீழிருந்து மேலே காற்று வீசி ஆளை மிதக்க வைக்கும் செங்குத்துக் காற்றுச் சுரங்கத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் பழகக் கிடைத்தால் தவறவிடாதீர்கள். கால் எங்கே இருக்கிறது என்பதை அங்கே உடம்பு சீக்கிரம் தெரிந்துகொள்ளும்.

நீங்கள் சுழன்றால் பிடித்து நிறுத்தத்தான் பக்கத்திலேயே ஆள் வருகிறார். 1980களின் தொடக்கத்தில் இந்த முறை வருவதற்கு முன், மாணவரின் பாராசூட்டை விமானத்தோடு ஒரு பட்டையால் இணைத்து, மூவாயிரம் அடிபோலத் தாழ்ந்த உயரத்தில் தனியாகத்தான் வெளியே அனுப்பினார்கள். உங்களைப் பிடித்து நிறுத்தினார்கள் என்றால் பயிற்சி அதன் வேலையைச் செய்திருக்கிறது. திரும்பச் செய்யச் சொன்னதும் அதில் சேர்த்திதான். என் லாக் புக்கில் நான்காவது லெவல் மூன்று முறை எழுதியிருக்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னை உட்கார வைத்தது வேறொரு வரி. பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அது.

நீங்கள் மயங்கிவிடவில்லை. அந்தச் சந்தேகம் உள்ளே இருந்தால் விட்டுவிடுங்கள். பாராசூட் விரியாமல் கொஞ்ச நேரம் விழுந்தாலே மனிதன் உணர்விழந்துவிடுவான் என்று ஒரு காலத்தில் விமானிகளே நம்பினார்கள். 1919 ஏப்ரல் 28இல் லெஸ்லி இர்வின் என்பவர் அமெரிக்காவில் விமானத்திலிருந்து குதித்து, கொஞ்ச தூரம் விழுந்து, தன் கையாலேயே பாராசூட்டை இழுத்து அது தப்பு என்று காட்டினார். உங்களுக்கு நடந்தது, ஒரே நேரத்தில் தாங்க முடியாத அளவுக்குச் செய்திகள் வந்து மூளை பாதியைப் பதிவு செய்யாமல் விட்டது. காற்றின் இரைச்சல், வேகம், சுழற்சி, திடீரென்று பிடி விட்டுப்போன உணர்வு எல்லாம் சேர்ந்துகொண்டது. முதல் சில குதிப்புகளில் இது நிறையப் பேருக்கு நடக்கிறது. பயிற்சியாளர்கள் இதைத் தினமும் பார்க்கிறார்கள்.

ஆனால் நீங்கள் மறைத்ததால் அவர் இதைப் பார்க்காமல் போய்விட்டார். அவருடைய கணக்கில் உங்கள் குறை காலில் இருக்கிறது. உண்மையில் உங்கள் குறை, உயரம் எவ்வளவு என்று தெரியாமல் போனதில் இருக்கிறது. இரண்டுக்கும் சொல்லித்தருவது வேறு. காலுக்கு என்றால் உங்களைத் தரையில் குப்புறப் படுக்க வைத்துக் காலை நீட்டச் சொல்வார். உயரத்துக்கு என்றால், அடிவானம், ஆல்டிமீட்டர், இடப்பக்கத்துப் பயிற்சியாளர், வலப்பக்கத்துப் பயிற்சியாளர் என்று சுற்றிச் சுற்றிப் பார்க்கும் வரிசையை நூறு முறை செய்ய வைப்பார். கொஞ்சம் சுழன்றாலும் சரி, 5,500 அடியில் கை தானாகப் போக வேண்டும். ஸ்கைடைவிங்கில் இதைவிட முக்கியமான பழக்கம் கிடையாது. ரிசர்வைத் தானாகத் திறக்கும் கருவி உங்கள் முதுகில் இருக்கிறது, சரி. ஆனால் ஏறக்குறைய 750 அடியில் இன்னும் நீங்கள் வேகமாக விழுந்துகொண்டிருந்தால்தான் அது வேலை செய்யும். அதுவரை போகும்படி விடக் கூடாது.

நானும் மறைத்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். இரண்டாவது லெவலில் விமானத்தில் ஏறும்போதே என் கை நடுங்கியது. நடுக்கம் தெரியாமலிருக்கக் கையை இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயிற்சியாளர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தன் கையுறையைக் கழற்றி, தன் விரல்களை என் முன்னால் நீட்டினார். அவருக்கும் லேசாக நடுங்கியது. “குளிர்” என்றார். “கொஞ்சம் அதுவும்தான். நீங்கள் இப்போது என்ன நினைக்கிறீர்களோ அதைச் சத்தமாகச் சொல்லுங்கள்.” வெளியேறும் வரிசை மறந்துவிட்டது என்று சொன்னேன். சத்தத்துக்கு நடுவே என் காதோரம் குனிந்து, விமானம் மேலே போய்ச் சேரும்வரை ஏழெட்டு முறை என்னைச் சொல்ல வைத்தார். உள்ளே இருப்பவரைப் பார், வெளியே நிற்பவரைப் பார், மேலே, கீழே, வளை. நான் அன்று சொல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கதவில் என்ன செய்திருப்பேன் என்று இன்றும் யோசிக்கிறேன்.

கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும், தூக்கத்தில்கூட அதுதான் கேட்கிறது என்கிறீர்களே. கதவு திறந்ததும் சில்லென்று காற்று உள்ளே வரும், இஞ்சின் சத்தம் இரண்டு மடங்காகும், யாரும் யாரிடமும் பேச முடியாது. உடம்பு இதை ஆபத்து என்று எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை. ஆனால் கவனித்திருப்பீர்கள், வெளியே போனதும் வயிறு தொண்டைக்கு வரும் அந்த ராட்டின உணர்வு வருவதில்லை. விமானம் ஏற்கெனவே மணிக்கு 150 கிலோமீட்டர் வாக்கில் போய்க்கொண்டிருக்கிறது. வெளியே வந்த நொடியிலேயே முன்னாலிருந்து வரும் காற்று உங்களைத் தாங்க ஆரம்பித்துவிடும். அந்தக் காற்றின் மேல் நெஞ்சைச் சாய்க்க வேண்டும், அவ்வளவுதான். கதவுக்குப் போகும்போது கீழே பார்க்காதீர்கள். அடிவானத்தைப் பாருங்கள். வெளியே போகும் நொடியில் மூச்சை முழுதாக வெளியே விடுங்கள், கத்தினாலும் சரி.

நியாயமாகப் பார்த்தால் நீங்கள் பயப்பட வேண்டிய இடம் கதவே அல்ல. கடைசி முந்நூறு அடி. முன்பு சொன்ன இர்வின் வானத்தில் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, தரையில் இறங்கும்போது கணுக்காலை உடைத்துக்கொண்டார். 2023இல் அமெரிக்காவில் 36 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிப்புகளில் இறந்தவர்கள் 10 பேர். பல ஆண்டுகளாகவே உயிரிழப்புகளில் ஒரு பெரும் பங்கு, பாராசூட் நன்றாக விரிந்த பிறகு தாழ்வான உயரத்தில் திசை திருப்ப முயன்று நடப்பவை. கதவில் பயந்து பயந்து களைத்துப்போகும் மாணவர், பாராசூட் விரிந்ததும் எல்லாம் முடிந்தது என்று மனதைத் தளர்த்திவிடுகிறார். எனக்கு அதுதான் நடந்தது. ஐந்தாவது குதிப்பில் நேராகக் கீழே புல்லைப் பார்த்துக்கொண்டே வந்தேன். தரை பாய்ந்து வருவதுபோல் தெரிந்து, பத்துப் பன்னிரண்டு அடியில் செய்ய வேண்டிய ஃப்ளேரை, அதாவது வேகம் குறைய இரண்டு கைப்பிடிகளையும் கீழே இழுப்பதை, இருபத்தைந்து அடியிலேயே செய்துவிட்டேன். இழுத்ததை அப்படியே பிடித்திருந்தாலாவது கொஞ்சம் மெதுவாக இறங்கியிருப்பேன். பதறிப்போய்க் கையை மேலே விட்டதும் விரிந்திருந்த பாராசூட் முன்னால் பாய்ந்தது. கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு ஆறு வாரம் மாவுக்கட்டில் இருந்தது.

அதனால் உங்கள் பயத்தைக் கொஞ்சம் அங்கே நகர்த்துங்கள். ஆயிரம் அடியில் எங்கே இருக்க வேண்டும், அறுநூறில் எங்கே திரும்ப வேண்டும், முந்நூறில் காற்றுக்கு எதிராக நேராக வந்துவிட வேண்டும் என்று இறங்கும் இடத்தின் படத்தை வைத்து விரலால் வரைந்து பாருங்கள். காலும் முழங்காலும் ஒட்டி இருக்க விழுந்து உருளும் பயிற்சியைத் தரையில் செய்யுங்கள். முதல் பாராசூட் சரியாக விரியாவிட்டால் அதைக் கழற்றிவிடும் சிவப்புக் கைப்பிடியைப் பார், பிடி, இழு, அப்புறம் ரிசர்வ் கைப்பிடி என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பாருங்கள். பயத்துக்குத் தரையிலேயே வேலை கொடுத்துவிட்டால் மேலே வரும்போது அது பாதி ஓய்ந்துவிடும்.

தொடரலாமா என்று கேட்டீர்கள். பயப்படுகிறீர்கள் என்பதற்காக நிறுத்த வேண்டாம். கதவருகே போகும்போது செய்ய வேண்டியதெல்லாம் மனதைவிட்டு அழிந்துபோகிறது என்றால் மட்டும் அன்றைக்குக் குதிக்க வேண்டாம். தலையை ஆட்டிவிட்டு விமானத்தோடேயே கீழே வந்துவிடலாம், அது உங்கள் உரிமை. பலநூறு முறை குதித்தவர்கள்கூட மேகத்தைப் பார்த்துவிட்டு அப்படி இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். ஒருவரும் அவர்களிடம் ஏன் என்று கேட்டதில்லை. காற்று அதிகம் என்று திருப்பி அனுப்பியபோது நிம்மதியாக இருந்தது என்றீர்களே, அதற்கும் வெட்கப்பட வேண்டாம். மாணவர்கள் பலருக்கு அந்த நிம்மதி வரும். மறுநாளே போக வேண்டும் என்று தோன்றினால் உங்களுக்கு இது பிடித்திருக்கிறது. பல வாரங்கள் கடந்தும் நிம்மதி மட்டும்தான் மிச்சம் என்றால் விட்டுவிடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

அடுத்த முறை போகும்போது சீக்கிரமாகவே போய்விடுங்கள், ஹார்னஸை மாட்டுவதற்கு முன்பே. உங்கள் பயிற்சியாளரைத் தனியாகக் கூப்பிட்டு, அன்று ஆல்டிமீட்டரைப் பார்த்ததாகச் சொன்னது பொய், நடுவில் எதுவும் நினைவில்லை என்று சொல்லிவிடுங்கள். அந்தக் குதிப்பின் வீடியோ இருந்தால் இருவருமாக உட்கார்ந்து, உங்கள் தலை எங்கே திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா