மேஜிக்: தி கேதரிங் கார்டு ஆட்டத்தில், நாலு பேர் ஆடும் கமாண்டர் வகையில் காம்போ டெக் என்றால் என்ன?

தனித்தனியே சாதாரணமான இரண்டு மூன்று கார்டுகள், சேர்ந்ததும் ஆட்டத்தையே முடித்துவிடும். அதை நம்பிக் கட்டிய 100 கார்டு டெக்தான் காம்போ டெக். காரணம் எளிய கணக்கு: எதிரில் மூன்று பேர், ஆளுக்கு 40 உயிர். 120 உயிரை அடித்தே தீர்ப்பதற்குள் மூவரும் உங்கள் மேல் பாய்வார்கள். காம்போ மூவரையும் ஒரே வீச்சில் முடிக்கும்.

பிரபலமான ஜோடி தாஸாஸ் ஆரக்கிள், டெமோனிக் கன்சல்டேஷன். இரண்டுக்கும் சேர்த்து மூன்றே மானா (கார்டை இறக்கச் செலவழிக்கும் ஆற்றல்). முதலில் ஆரக்கிளை இறக்குங்கள். அதன் டிரிகர் (இறங்கியதும் தானாகக் கிளம்பும் விளைவு) இன்னும் நிறைவேறாமல் நிற்கும்போதே கன்சல்டேஷன் போட்டு, டெக்கில் இல்லாத கார்டின் பெயரைச் சொல்லுங்கள். டெக் காலியாகும், டிரிகர் உங்களை வெல்ல வைக்கும். வரிசையை மாற்றினால் வம்பு: டெக் போன பிறகு ஆரக்கிளை ஒருவர் கவுன்டர் செய்தால் (ரத்து செய்தால்), அடுத்த கார்டு எடுக்கும்போது நீங்கள் அவுட். சரியான வரிசையிலும் டிரிகரை நிறுத்தும் கார்டு உண்டு. கையில் ஒரு கவுன்டராவது வைத்திருங்கள்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தூனி என்ற சீட்டாட்டம் ஆடுபவர்களுக்கு இது பழகியதுதான். 'தூனி' என்று கூப்பிட்டால் ஆறு கையையும் (சுற்றையும்) பிடிக்க வேண்டும். ஒன்று தவறினாலும் பால் (அந்த ஆட்டத்தின் புள்ளி) எதிரணிக்கு.

டெக் முழுக்க காம்போ கார்டுகள் என்று நினைக்காதீர்கள். பெரும்பகுதி நிலம் முதலிய மானா தரும் கார்டு, தேவையானதைத் தேடும் கார்டு, கவுன்டர்தான்.