கரகரக்கும் பின்சக்கரம்

கேள்வி: அண்ணாச்சி, என் சைக்கிளின் பின்சக்கரம் கரகரவென்கிறது. எண்ணெய் விட்டால் இரண்டு நாள் அடங்குகிறது, பிறகு பழையபடிதான். வீட்டிலேயே பிரித்து கிரீஸ் வைக்கலாமா?
— வாசகர், திசையன்விளை

பதில்: தாராளமாகப் பிரிங்க தம்பி. உங்க பக்கத்து ஆடிக்காற்றில் தேரிமணல் ஹப்புக்குள், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் போயிருக்கும். எண்ணெய் அதை வெளியேற்றாது, இருக்கிற கிரீஸையும் கரைத்துவிடும்.

கீழே பழைய வேட்டியை விரித்துக்கொள்ளுங்க. அச்சில் திருகியிருக்கிற கூம்பு நட்டுதான் கோன். அது கழன்றதும் உள்ளே இருக்கிற பால்ரஸ் குண்டுகள் உருண்டோடும். பெரும்பாலும் கால் அங்குலக் குண்டு, பக்கத்துக்கு 9. எண்ணி வையுங்க. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கோனை வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்க. குண்டு ஓடிய தடம் கண்ணாடியாய்ப் பளபளத்தால் சரி. நகம் தட்டுகிற குழி இருந்தால் கோனை மாற்றத்தான் வேணும், கிரீஸ் அதைக் காப்பாற்றாது. குண்டு மட்டும் மொத்தமாகப் புதுசு போட்டுடுங்க.

கப்பில், அதாவது ஹப்பில் குண்டு உட்காரும் கிண்ணத்தில், கிரீஸை அப்பிக் குண்டுகளைப் பதித்தால் விழாது. கோனை இறுக்குவதில்தான் பொறுமை வேணும். பாளையங்கோட்டையில் கடைப்பையனாக இருந்தபோது நான் இறுக்கமாக முறுக்கி அனுப்பிய சக்கரம் ஒரே மாதத்தில் கோன் தேய்ந்து திரும்பி வந்தது. அந்த வருத்தம் இன்னும் இருக்கு. அச்சை விரலால் சுழற்றினால் வழுக்கணும், ஆட்டினால் ஆடக்கூடாது. கோன் நகராமல் பிடிக்கிற வெளி நட்டை, அதான் லாக்நட்டை, முறுக்கும்போது கோனும் கொஞ்சம் இறுகும். அதுக்கு இடம் விட்டு வையுங்க.