சேலத்தில் நன்றாகக் கட்டும் பிஆர்எஃப், ஏற்காட்டில் ஏன் நைந்துபோகிறது?

கேட்டவர் பல் மருத்துவர். பிஆர்எஃப் என்பது நோயாளியின் ரத்தத்தையே சுற்றிப் பிரித்து எடுக்கும் ஃபைப்ரின் (உறையும்போது பின்னும் புரத வலை) கட்டி, பல் எடுத்த குழியில் வைப்பது. சேலத்தில் கிளினிக், ஞாயிறன்று ஏற்காட்டில் ஓர் அறை. கீழே நிமிடத்துக்கு 2700 சுற்று, 12 நிமிடம் வைத்தால் உறுதியான கட்டி கிடைக்கிறது. மேலே கையடக்க சென்ட்ரிஃபியூஜில் (ரத்தக் குழாயைச் சுற்றும் கருவி) அதே கணக்கு வைத்தால், வேகவைத்த ஜவ்வரிசி போல வழுக்குகிறது. பேசாமல் மேலே ரத்தம் எடுத்து, கீழே அனுப்பிச் சுற்றி வாங்கிக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: முடியாது. 2001இல் பிரான்சில் ஜோசப் ஷுக்ரூன் இந்த முறையைக் கொண்டுவந்தபோது அதன் விசேஷமே ரத்தத்தில் எதையும் சேர்க்காததுதான். உறைவுத் தடுப்பான் இல்லாததால் குழாயின் சுவரைத் தொட்ட கணமே உறைதல் ஆரம்பம். இருபது கொண்டை ஊசி வளைவில் நாலைந்து இறங்குவதற்குள் குழாய் முழுக்கச் சிவப்புக் கட்டியாகியிருக்கும். சிட்ரேட் என்ற உறைவுத் தடுப்பான் உள்ள குழாயில் எடுத்தால் பயணம் தாங்கும், ஆனால் அது பிஆர்பி, அதாவது தட்டணு செறிந்த பிளாஸ்மா. இரண்டு முறை சுற்றி, கால்சியம் குளோரைடு சேர்த்து உறையவைக்க வேண்டிய வேறு சரக்கு.

இனி மேலே நடப்பது. குழாய்க்குள் உறைதலும் பிரிதலும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. உறைதல் முந்தினால் செல்கள் பிரியாமல் வலைக்குள் சிக்கி, கட்டி அடிமுதல் நுனிவரை சிவப்பாக இருக்கும். பிரிதல் முந்தினால் சிவப்புக்கு மேலே மஞ்சள் திரவம் நிற்கும், கட்டி இருக்காது, இருந்தாலும் ஃபோர்செப்ஸில் பிய்ந்துவரும். உங்களுக்கு நடப்பது இரண்டாவது. எனவே ரத்தம் எடுக்கத் தாமதமாகிறதோ என்ற கவலையை விடுங்கள். கருவி, குழாய், குளிர் என்ற வரிசையில் பாருங்கள்.

கருவியில் 2700 என்ற எண்ணுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. குழாய்க்குக் கிடைக்கும் ஜி விசைதான் கணக்கு. 11.18 × ஆரம் (சென்டிமீட்டரில்) × (சுற்று ÷ 1000)இன் வர்க்கம். ரோட்டாரின் (குழாய்களைத் தாங்கிச் சுழலும் பகுதி) நடு அச்சிலிருந்து, சுற்றும்போது குழாயின் அடி எங்கே நிற்குமோ அதுவரை ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஆரம் 8 செ.மீ. என்றால் 2700 சுற்றில் அடியில் சுமார் 650 ஜி. ஆரம் 6 செ.மீ. என்றால் அதே சுற்றில் 490தான். 650 வேண்டுமென்றால் 3120 சுற்று வைக்க வேண்டும். பெரிய லேப் கருவியில் ஆரம் 12 வந்தால் 2200 போதும். இதைக் கணக்குப் போடாமல் அடுத்தவர் சொன்ன எண்ணை அப்படியே வைப்பதுதான் நம்மூரில் நடக்கும் பாதிக் கோளாறு என்பது என் கருத்து.

குழாய் எது என்று மூடியைத் திருப்பிப் பாருங்கள். வேண்டியது 10 மி.லி. சாதாரண கண்ணாடிக் குழாய், அல்லது உட்சுவரில் சிலிகா பூசிய பிளாஸ்டிக். பூச்சில்லாத வெறும் பிளாஸ்டிக் உறைதலைத் தூண்டாது, அது ஊசியில் ஏற்றும் திரவ ஐ-பிஆர்எஃப்புக்கு உரியது. உறைவுத் தடுப்பான் உள்ள ஊதா மூடி, நீல மூடிக் குழாய்கள் கைதவறி வந்துவிட்டால் மணிக்கணக்கில் காத்தாலும் கட்டாது. மஞ்சள் மூடிக் குழாயில் உள்ள ஜெல் குறுக்கே வந்து உட்காரும். காலாவதித் தேதி தாண்டியதையும் ஒதுக்குங்கள்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. வெற்றிடக் குழாய் வெளிக்காற்றழுத்தத்தை நம்பி ரத்தத்தை இழுக்கிறது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆகவே குழாய் கோடுவரை நிரம்பாமல் நின்றுவிடும். அது பழுதில்லை. ஆனால் எதிரே வைக்கும் சமநிலைக் குழாயில் பழக்கத்தில் 10 மி.லி. தண்ணீர் ஊற்றினால் கருவி நடுங்கும், அடுக்குகள் கலங்கும். இரு பக்கமும் ஒரே மட்டமாக இருக்கட்டும்.

குளிர்தான் ஏற்காட்டின் தனிப் பிரச்சினை. உறைதல் நொதிகளின் வேலை, சூடு குறைந்தால் மந்தமாகும். மார்கழிக் காலையில் 15 டிகிரியை ஒட்டி இருக்கும் அறையில் குழாயும் ரோட்டாரும் சில்லென்று கிடக்கும். குழாய்களை அரைமணி நேரம் 37 டிகிரி வெந்நீர்ப் பாத்திரத்தில் வையுங்கள், வெளிப்புறம் மட்டும் நனையட்டும். கருவியை ஒருமுறை காலியாக ஓட்டிச் சூடாக்குங்கள்.

எடுக்கும்போது 21 கேஜ் பட்டர்ஃப்ளை ஊசி, நல்ல நரம்பு. முதல் குழாய் நிரம்பத் தொடங்கியதிலிருந்து கருவி சுழல்வதற்குள் 90 நொடிக்குமேல் போகக் கூடாது. அதற்குள் நான்கு குழாய் நிரம்பாது என்றால் இரண்டோடு நிறுத்துங்கள். கருவி தானாக நிற்கட்டும், பிரேக் வேண்டாம். மூடியைத் திறந்து 5 முதல் 10 நிமிடம் நிமிர்த்தி வைத்தால் மேலே மஞ்சள் திரவமாக நின்றதுகூடப் பலசமயம் கட்டிவிடும். கட்டியை எடுத்துச் சிவப்பை வெட்டும்போது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சிவப்பை விட்டுவையுங்கள். தட்டணுக்களும் வெள்ளணுக்களும் நெருக்கமாக இருப்பது அந்த எல்லையில்தான். காஜில் வைத்துப் பிழியாதீர்கள், பிஆர்எஃப் கட்டியை அழுத்தும் பெட்டியின் தட்டுக்கு அடியில் மெதுவாக அழுந்தட்டும்.

ஆண்களிடம் கட்டி சற்றுச் சிறிதாக வருவது இயல்பு, ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) கூடுதல் என்பதால் பிளாஸ்மா குறைவு. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு 12 நிமிடம் போதாது, 18 நிமிடம் சுற்றுங்கள்.

எஸ்டேட்டிலிருந்து வருபவரிடம் என்ன சொல்வது? கீழ்த்தாடை ஞானப்பல் எடுத்த குழியில் வைத்தால் டிரை சாக்கெட்டும் (குழியில் ரத்தக்கட்டி நிற்காமல் எலும்பு வெளியே தெரிவது) வலியும் குறைய வாய்ப்பு உண்டு என்று சொல்லலாம். எலும்பு வளர்ந்துவிடும் என்று வாக்குக் கொடுக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை.

மழைக்காலத்தில் சுற்றும்போதே கரண்ட் போனால் அந்தக் குழாயை மறுபடி சுற்றாதீர்கள். பாதி பின்னிய ஃபைப்ரின் கிழிந்துதான் வரும், புது ரத்தம் எடுக்க வேண்டியிருக்கும். யூபிஎஸ்ஸில் எக்ஸ்ரேக்கு முன்னால் சென்ட்ரிஃபியூஜுக்கு இடம் கொடுங்கள்.