கத்தரிப் பூவைத் தேடி வரும் கருவண்டு

கேள்வி: எங்கள் மொட்டை மாடியில் ஆறு தொட்டிகளில் கத்தரி வைத்திருக்கிறோம். பூ நிறைய வருகிறது; காய்தான் பிடிப்பதில்லை. இத்தாலியத் தேனீப் பெட்டி ஒன்று வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் நாற்று விற்பவர். வாங்கலாமா? பந்தலுக்குக் கட்டிய மூங்கிலைப் பெரிய கருவண்டு ஒன்று துளைத்துக்கொண்டே இருக்கிறது. அதை விரட்டவும் வழி சொல்லுங்கள்.
— வாசகி, தாம்பரம்

பதில்: பெட்டியும் வாங்க வேண்டாம், வண்டையும் விரட்ட வேண்டாம். உங்கள் இரண்டாவது கேள்வியிலேயே முதல் கேள்விக்கான விடை இருக்கிறது.

கத்தரிப் பூவின் நடுவே கூம்பு போலக் குவிந்து நிற்கும் மஞ்சள் பைகளைப் பார்த்திருப்பீர்கள். மகரந்தம் அவற்றுக்குள்ளேதான் அடைபட்டிருக்கிறது. வெளியே வர நுனியில் சிறு துளைகள் மட்டுமே உண்டு. பூவில் தேனும் கிடையாது. பைகளை அதிரச் செய்தால்தான் மகரந்தம் கொட்டும். இத்தாலியத் தேனீயோ நம் ஊர் அடுக்குத் தேனீயோ பூவை அப்படி அதிரவைப்பதில்லை. கருவண்டு அதிரவைக்கும். வண்டு என்று நாம் அழைத்தாலும் அதுவும் தேனீ இனத்தைச் சேர்ந்ததே.

காலை வெயில் ஏறும் நேரத்தில் தொட்டியருகே சற்றுப் பொறுமையாக நின்று பாருங்கள். பூவைக் கால்களால் கவ்வித் தலைகீழாகத் தொங்கும் கருவண்டு, சிறகுகளை அசைக்காமல் மார்புத் தசைகளை மட்டும் துடிக்கவிடும். அதுவரை கேட்ட ரீங்காரம் சட்டென்று சுருதி மாறி ஒலிக்கும். அந்த நொடியில் பைகளின் நுனியிலிருந்து பொடி உதிர்ந்து அதன் வயிற்றில் படியும். வயிற்றில் நீல வரிகள் ஓடும், தேனீயின் அளவே உள்ள இன்னொரு தேனீயும் இதே வேலையைச் செய்கிறது. தக்காளிப் பூவுக்கும் இவை இரண்டும் உதவும். கத்தரி தன் பூவின் மகரந்தத்தாலேயே காய்க்கக்கூடிய செடிதான், காற்றின் அசைவும் ஓரளவு போதும். ஆனால், இவை வந்துபோன செடியில் காய்ப்பிடிப்பு கூடுவதைக் கண்கூடாகக் காணலாம்.

கருவண்டு மூங்கிலைத் தின்பதில்லை. துளைத்த தூளை வெளியே தள்ளிவிட்டு, உள்ளே மகரந்த உருண்டைகளைச் சேர்த்து, ஒவ்வொன்றின் மீதும் ஒரு முட்டையிட்டு, அறை அறையாகத் தடுத்து மூடுகிறது. பந்தல் பலவீனமாகிவிடும் என்ற உங்கள் அச்சம் நியாயமானதே. பந்தல் கால்களுக்குச் சாயம் பூசிவிட்டு, நன்கு காய்ந்த மூங்கில் துண்டுகள் நான்கைந்தை மழை படாத ஓரமாகக் கட்டித் தொங்கவிடுங்கள். ஆண் வண்டுக்குக் கொடுக்கே கிடையாது. பெண் வண்டும் கையில் பிடித்து நசுக்கினாலொழியப் பெரும்பாலும் கொட்டாது. கத்தரியில் தேன் இல்லாததால், தேனுக்காக ஒரு துவரைச் செடியோ கிலுகிலுப்பையோ அருகில் இருக்கட்டும். முருங்கை மரம் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

ஒன்றை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள். பூவின் நடுவே மகரந்தத்தை ஏற்கும் சூலகத் தண்டு குட்டையாக, மஞ்சள் பைகளுக்குள் மறைந்திருக்கும் பூக்கள் எப்படியும் உதிர்ந்துவிடும். அவற்றுக்காகக் கவலைப்பட வேண்டாம். தண்டு வெளியே நீண்டிருக்கும் பூக்களும் உதிர்ந்தால், வண்டுகள் வந்து பழகும்வரை காலையில் பூக்காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள்.

கேள்வி: ரோஜா இலைகளின் ஓரத்தில் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல அரைவட்டத் துண்டுகள் காணாமல் போகின்றன. என்ன மருந்து அடிக்கலாம்?
— வாசகர், ஈரோடு

பதில்: எதுவும் அடிக்காதீர்கள். இது புழுவின் வேலையன்று. புழு இவ்வளவு ஒழுங்காக வெட்டாது. இலைவெட்டித் தேனீ அந்தத் துண்டுகளைச் சுருட்டிக் கொண்டுபோய்த் தன் கூட்டுக்கு உள்சுவர் அமைக்கிறது. செடிக்கு இதனால் பெரிய கேடில்லை. இமிடாக்ளோபிரிட் போன்ற மருந்துகளை மண்ணில் ஊற்றினாலும் வேர் வழியாக ஏறி மகரந்தத்திலும் தேனிலும் கலந்துவிடும். தேனீக்களுக்கு ஆபத்து என்பதாலேயே ஐரோப்பிய ஒன்றியம் அதைத் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்த 2018-இல் தடை விதித்தது. அசுவினி தொல்லை இருந்தால் வேப்பெண்ணெய்க் கரைசலைப் பூக்களில் படாமல், பொழுது சாய்ந்த பிறகு தெளியுங்கள்.

கேள்வி: மின்மீட்டர் பெட்டியருகே சுவர் விரிசலிலிருந்து மெழுகுக் குழல் ஒன்று நீண்டிருக்கிறது. கொசு போன்ற கருநிறப் பூச்சிகள் அதில் போய்வருகின்றன. மூடிவிடலாமா?
— வாசகி, மதுரை

பதில்: தயவுசெய்து மூடாதீர்கள். அவை கொசுத்தேனீக்கள், 4 மில்லிமீட்டர் அளவே இருக்கும், கொட்டவும் தெரியாது. மரப்பிசினும் மெழுகும் குழைத்துக் கட்டிய அந்தக் குழலின் வாயில் காவல் தேனீக்கள் எப்போதும் அமர்ந்திருப்பதைக் காண்பீர்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது அந்தக் கையகல இடத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். கதிர் விடவிடக் கிள்ளிவிடும் துளசியில் இரண்டு கிளைகளை மட்டும் பூக்கவிட்டால் அவை தேடி வரும்; அறுவடை செய்யாமல் விட்ட கொத்தமல்லியும் அப்படியே.

கேள்வி: சுரைக்கொடியில் பிஞ்சுகள் வெம்பி உதிர்கின்றன. பகலெல்லாம் பார்த்தும் ஒரு தேனீகூட வரவில்லை.
— வாசகர், நாகர்கோவில்

பதில்: பகலில் பார்த்துப் பயனில்லை. சுரையின் வெள்ளைப் பூ மாலையில் மலர்வது. அதற்கு வருபவை அந்துப்பூச்சிகள். மாடி விளக்கு இரவு முழுவதும் எரிந்தால் அவை பூவை விட்டுவிட்டு விளக்கையே சுற்றும். விளக்கை அணைத்து வையுங்கள். அதன் பிறகும் பிஞ்சு உதிர்ந்தால், பொழுது சாய்ந்ததும் ஆண் பூ ஒன்றைப் பறித்து இதழ்களை நீக்கி, அடியில் குட்டிச் சுரைக்காய் தெரியும் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவிவிடுங்கள். பீர்க்கும் மாலையில் பூப்பதால் அதற்கும் இதே நேரம்தான். பறங்கிக்கு மட்டும் விடியற்காலை.