மார்பில் குண்டடி பட்ட ராணுவ வீரருக்கு மூச்சு பழையபடி திரும்புமா?

உங்கள் அண்ணனுக்கு வலது மார்பில் குண்டு பாய்ந்து, டியூப் போட்டு ரத்தத்தை எடுத்து, இப்போது சிக் லீவில் வீட்டில் இருக்கிறார். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, நுரையீரல் பழையபடி ஆகுமா, மறுபடி டியூட்டிக்குப் போக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ராணுவ மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நான் பார்த்தவரையில் பெரும்பாலானவர்களுக்கு மூச்சு நன்றாகவே திரும்பும். ஆனால் அது குண்டு எங்கே பாய்ந்தது என்பதை மட்டும் பொறுத்ததல்ல. அதற்குப் பிறகு வரும் வாரங்களில் அவர் எப்படி மூச்சு விடுகிறார் என்பதையும் பொறுத்தது.

நுரையீரல் நாம் நினைப்பதைவிட நன்றாக ஆறும் உறுப்பு. அதற்குள் ஓடும் ரத்தத்தின் அழுத்தம் குறைவு. அதனால் நுரையீரல் முழுதாக விரிந்து மார்புச் சுவரோடு ஒட்டிக்கொண்டால் சின்னக் கசிவுகள் பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். டியூப் போடுவதே அதற்காகத்தான். கட்டிலுக்குக் கீழே தண்ணீர் பாட்டில் ஒன்று வைத்திருப்பார்களே, மூச்சு இழுத்து விடும்போது அதன் குழாயில் தண்ணீர் ஏறி இறங்கும், இருமினால் குமிழி வரும். குமிழி நின்று எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்திருந்தால்தான் டியூபை எடுப்பார்கள். மார்புக் காயம் பட்ட பலருக்கு இந்த டியூப் ஒன்றே போதும், நெஞ்சைத் திறக்கும் ஆபரேஷன் தேவைப்படாது.

சரி, அப்படியானால் ஏன் மூச்சு வாங்குகிறது? முதல் காரணம் வலி. விலா எலும்பு உடைந்த பக்கத்தில் ஒவ்வொரு மூச்சும் குத்தும். உடம்பு தானாகவே மேலோட்டமாக மூச்சு விடப் பழகிக்கொள்ளும். இருமல் வந்தால் அடக்கிக்கொள்வார். சளி அடியில் தங்கும், நுரையீரலின் கீழ்ப்பகுதி சுருங்கும், பிறகு நிமோனியா வரும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவ அறுவை மருத்துவர்களான பர்ஃபோர்டும் பர்பாங்கும் இந்தச் சங்கிலியைத்தான் 1945இல் எழுதினார்கள். நீர் கோத்த நுரையீரலோடு திணறும் வீரருக்கு, விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்பில் மரத்துப்போகும் ஊசி போட்டு, வலியைப் போக்கி, இரும வைத்து, தேவைப்பட்டால் குழாய் விட்டுச் சளியை உறிஞ்சி எடுத்தார்கள். அதற்கு முன்பெல்லாம் மார்பைச் சுற்றி இறுக்கமாகக் கட்டுப் போடுவது வழக்கம். அந்தக் கட்டு வலியைக் குறைக்கும், கூடவே நுரையீரலையும் விரியவிடாது. வீட்டில் யாராவது துணியால் இறுக்கிக் கட்டச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

ராணுவ வீரர்களிடம் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வலியைத் தாங்குவது அவர்களுக்குப் பயிற்சியிலேயே ஊறிப்போனது. ரவுண்ட்ஸில் டாக்டர் வந்து கேட்டால் படுத்தபடியே உடம்பை விறைப்பாக்கி “டீக் ஹூம் சாப்” (நன்றாக இருக்கிறேன் ஐயா) என்பார்கள். அப்போது நான் முகத்தைப் பார்க்க மாட்டேன், விலாவைப் பார்ப்பேன். இடது பக்கம் ஏறி இறங்கும், அடிபட்ட வலது பக்கம் அசையாமல் கிடக்கும். மாத்திரை வேண்டாம் என்று சொல்லும் ஜவானுக்குத்தான் சளி கட்டும். உங்கள் அண்ணனும் அப்படிப்பட்டவராக இருந்தால், டாக்டர் எழுதிய வலி மாத்திரையை வேளை தவறாமல் கொடுங்கள். பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுத்தால் இன்னும் நல்லது. இருமும்போது மடித்த போர்வையையோ தலையணையையோ அடிபட்ட பக்கத்தில் அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அது வலியைக் கணிசமாகக் குறைக்கும்.

மூச்சுப் பயிற்சிக்கான, மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் ஸ்பைரோமீட்டரைக் கையில் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். பலர் அதில் ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். மூன்று பந்தையும் ஒரே இழுப்பில் தூக்குவதுதான் வீரம் என்றும் நினைக்கிறார்கள். வேகமாக இழுத்தால் பந்து ஏறும், ஆனால் நுரையீரலின் அடிவரைக்கும் காற்று போகாது. நிமிர்ந்து உட்கார்ந்து, மெதுவாக இழுத்து, பந்தை மேலேயே இரண்டு மூன்று விநாடி நிறுத்தி, பிறகு வாயை எடுத்துவிட்டு மெல்ல மூச்சை விட வேண்டும். அடிபட்ட பக்கத்தின் கீழ் விலாவில் உங்கள் உள்ளங்கையை வைத்து, “என் கையைத் தள்ளு” என்று சொல்லி மூச்சு இழுக்கச் செய்யுங்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் லண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையில் கார்ட்லண்ட் மக்மேஹன் என்பவர் மார்புக் காயம் பட்ட வீரர்களுக்கு மூச்சுப் பயிற்சி கொடுத்து 1915இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். இன்று நாங்கள் சொல்லித்தருவதும் அந்த வழியில் வந்ததுதான்.

அடிபட்ட பக்கத்துக் கையையும் மறக்காதீர்கள். வலிக்குப் பயந்து கையை உடம்போடு ஒட்டி வைத்தே இருப்பார். தோள் இறுகும், விலாவும் அதோடு சேர்ந்து இறுகும். ரைஃபிள் ஏந்த வேண்டிய தோள் அது. டாக்டர் அனுமதித்ததும் தினமும் கையைத் தலைக்கு மேல் தூக்க வையுங்கள்.

இரண்டாவது காரணம்தான் கவலைக்குரியது. டியூப் வழியாக வராமல் உள்ளேயே தங்கிவிட்ட ரத்தம். அது உறைந்து, நாளாக நாளாகத் தடித்த தோலாக மாறி நுரையீரலைச் சுற்றிக்கொள்ளும். சட்டை சின்னதாகிப்போனால் உடம்பை விரிக்க முடியாதது மாதிரி, நல்ல நுரையீரலே உள்ளே மாட்டிக்கொள்ளும். அதில் கிருமி சேர்ந்தால் சீழ் கட்டும். தங்கிய ரத்தத்தை முதல் சில நாட்களுக்குள் கண்டுபிடித்தால் சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டு எடுத்துவிடலாம். வாரக்கணக்கில் விட்டுவிட்டால் நெஞ்சைத் திறந்து அந்தத் தோலை உரிக்க வேண்டி வரலாம். அதனால் காய்ச்சல், நாற்றமடிக்கும் சளி, முன்பைவிட அதிகமாகும் மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் லீவு முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

மூச்சுச் சோதனை எடுக்கும்போது இரண்டு எண்களைப் பாருங்கள். முழு மூச்சையும் வெளியே தள்ளும்போது வரும் மொத்தக் காற்று எஃப்.வி.சி. அதில் முதல் விநாடியில் வருவது எஃப்.இ.வி.1. மார்புக் காயத்தில் பொதுவாக இரண்டும் சேர்ந்தே குறையும், அவற்றின் விகிதம் மாறாது. குழாய்களில் அடைப்பு இல்லை, விரிவுதான் குறைவு என்று அதற்கு அர்த்தம். வலியோடு ஊதினாலும் எண் குறைவாகத்தான் வரும். ஆகவே முதல் ரிப்போர்ட்டைப் பார்த்து மனம் உடைய வேண்டாம், அடுத்தடுத்த ரிப்போர்ட்டில் ஏறுகிறதா என்று பாருங்கள். எண் நன்றாக இருந்தும் மூச்சு முட்டுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. படுக்கையில் கிடந்து கால் தசை கரைந்திருக்கும், அல்லது அந்த நாளின் பயம் இன்னும் போயிருக்காது. இரவில் திடுக்கிட்டு எழுகிறாரா என்று கேளுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

உள்ளே குண்டின் சில்லு இருக்கிறதே என்று அம்மா பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். இதயம், பெரிய ரத்தக் குழாய், மூச்சுக் குழாய் பக்கம் இல்லாத சில்லை டாக்டர்கள் பல நேரம் விட்டுவிடுவார்கள். தேடி எடுப்பதில்தான் சேதம் அதிகம். ஆனால் சளியில் ரத்தம் வந்தால் உடனே காட்ட வேண்டும்.

டியூட்டி விஷயம். உடல் தகுதியை முடிவு செய்யும் ராணுவ மருத்துவர் குழுவான மெடிக்கல் போர்டு முதலில் தற்காலிகமாகத் தாழ்ந்த கேட்டகிரி, அதாவது குறைந்த உடல் தகுதி நிலை, கொடுத்து, குறிப்பிட்ட காலம் கழித்து மறுபடி பார்க்கும். அதைத் தண்டனையாக நினைக்கிறார்கள், அப்படி இல்லை. லடாக்கில் உள்ள லே போன்ற இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரம். அங்கே கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். நல்ல நுரையீரலோடு போகிறவர்களையே படிப்படியாகப் பழக்கித்தான் மேலே அனுப்புகிறார்கள். அரைகுறையாக விரிந்த நுரையீரலோடு அவர் அங்கே ஏறக் கூடாது. நுரையீரலிலிருந்து மார்புக்குள் காற்று கசிந்திருந்தால், எக்ஸ்ரேயில் முழுதாகச் சரியான பிறகும் இரண்டு வாரமாவது விமானம் ஏற வேண்டாம். பீடி சிகரெட் அறவே கூடாது.

அடுத்த ரிவ்யூவுக்குப் போகும்போது பழைய எக்ஸ்ரேக்களை எல்லாம் எடுத்துப் போங்கள். நீங்களும் கூடவே போங்கள். எங்கே வலிக்கிறது, எத்தனை படியில் மூச்சு வாங்குகிறது என்பதை நீங்கள் சொல்லுங்கள், அவர் சொல்ல மாட்டார்.